குறையாத திருகாணிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். முழங்கால் வலி தேவலையா, அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று எழுதுங்கள்.

எங்கள் கிடங்கில் போன வாரம் ஒரு வேடிக்கை. திருகாணிகளை எண்ணிச் சலித்த மேலாளர், இருப்பு 'முடிவிலி' என்று கணினியில் பதிந்துவிட்டார். அதுவும் ஏற்றுக்கொண்டது. ஆயிரம் ஆயிரமாக எடுத்தோம். கணினியில் இருப்பு குறையவில்லை, அதனால் யாரும் புதிதாக வாங்கவும் இல்லை. செவ்வாயன்று அலமாரி காலி.

"சிஸ்டத்துல எக்கச்சக்கமா இருக்கே!" என்றார் மேலாளர்.

"எடுக்க எடுக்கக் குறையலன்னா அது என்ன நம்பர் சார்? ஒண்ணு எடுத்தா ஒண்ணு குறையணும்ல?" என்றார் பொட்டலம் கட்டும் அக்கா. ஐந்தாவது வரை படித்தவர். எனக்குக் கைதட்டத் தோன்றியது. புதுச் சரக்கை அவரே உட்கார்ந்து எண்ணி முடித்தார்.

போனில் நீங்கள், "நீ வர்ற நாளை எண்ணுறத விட்டுட்டேம்மா, அதுக்கு முடிவே இல்ல" என்றீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள் அப்பா. வேலை ஒப்பந்தம் முடிந்து நான் ஊர் வர இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு நாட்கள். எண்ணினால்தான் குறையும்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கான வண்டி வந்துவிட்டது. திரும்பி வந்து படுத்தால் இருநூற்றுப் பதினொன்று.

உங்கள் மகள்