மாதா கிணறு

தூத்துக்குடி,
9.11.1975

அன்புள்ள மகள் பிளாரன்ஸுக்கு, அப்பா சிலுவை சொல்லச் சொல்ல சுந்தர்சிங் வாத்தியார் எழுதுவது. உனக்கும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் மாதா காவலாக நிற்கட்டும்.

தலைப்பிரசவத்துக்கு இங்கே வர வேண்டாம் என்று போன கடிதத்தில் சொன்னேன். தாயில்லாத பெண்ணை அப்பனும் கைகழுவிவிட்டான் என்று உன் மாமியார் பேசுவதாகவும், நீ சாப்பிடாமல் அழுவதாகவும் மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். காரணம் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டானே, அந்த மார்கழியில்தான் நம் தெருக் கிணற்றைத் தோண்டினோம். சுற்றிலும் எல்லாக் கிணற்றிலும் உப்பு, இதில் மட்டும் இனிப்பு. மாதா கொடுத்தது என்று பக்கத்தில் அவள் சுரூபம் வைத்தோம். அன்றுமுதல் பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு முன்னால் அந்தத் தண்ணீர்தான்.

பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கோடு விழுந்தது. உனக்கும்தான். கல்யாணப் படத்தில்கூட வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய். பிறகு பெரியவர்களுக்கு முதுகு இறுகியது. கோயிலில் பின்னால் யாராவது இருமினால் மற்றத் தெருக்காரர்கள் தலையைத் திருப்புவார்கள். நம் தெருக்காரர்கள் மொத்த உடம்போடு திரும்புவார்கள், எல்லோரும் ஒரே மாதிரி. நான் மட்டும் நிமிர்ந்து நடக்கிறேன். வருஷத்தில் பாதி தோணியில் போய்க் கண்ட ஊர்த் தண்ணீரைக் குடித்தவன்.

புரட்டாசியில் உன் பெரியப்பா பவுல் இறந்தார். மடங்கின முழங்கால் நிமிரவில்லை. ஆசாரி அற்புதமணி பெட்டியை உயரமாக அடித்தான். உட்கார்ந்தபடியேதான் போனார். அவருக்காகக் குடும்பக் குழியைத் திறந்தபோது உன் அம்மாவின் எலும்பு வந்தது. குழிவெட்டி ராஜதுரை ஒன்றை எடுத்து என் கையில் தந்து, "அண்ணாச்சி, இது எலும்பா, முருகைக்கல்லா?" என்றான். அப்படிக் கனத்தது. முதுகெலும்பு கண்ணி கண்ணியாகப் பிரியவில்லை. விலாவோடு ஒட்டி ஒரே தண்டாக, மேலெல்லாம் சிறுசிறு முள் முளைத்திருந்தது. முத்துக் குளிக்கப் போன காலத்தில் கடலடியில் பார்த்த முருகைப் பவளப் பாறைதான் நினைவுக்கு வந்தது. "மண்ணுக்குள்ள கெடந்து வளந்திருக்குமோ?" என்று அவன் கேட்டான். இல்லையம்மா. அவள் நம் வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தபோதே அது உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு திருநெல்வேலி டாக்டர் ஒருவர் வந்து தண்ணீரைச் சீசாவில் கொண்டுபோனார். அடிப்பாறையிலிருந்து புளோரைடு என்று ஒன்று ஊறுகிறதாம், எலும்பில் போய்த் தங்குமாம், காய்ச்சினால் இன்னும் கூடுமாம். துறைமுகக் குழாய்த் தண்ணீரை எடுப்போம் என்று தெருவில் சொல்லிப் பார்த்தேன். "ஏலே சிலுவ, மாதாவையே குத்தம் சொல்லுதியா?" என்று உன் அத்தை கேட்டாள். அதோடு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நீ இங்கே பெற்றால் நான் ஒருவன் எத்தனை கையைத் தடுப்பேன்?

அத்தைக்கு இப்போது தலை நிமிராது. தரையைப் பார்த்தபடியே தினமும் ஒரு குடம் இறைத்து, சுண்டக் காய்ச்சி, உன் பிள்ளைக்கென்று மூடி வைக்கிறாள். வாசலில் யார் வந்தாலும் காலைப் பார்த்து, "பிளாரன்ஸா?" என்று கேட்கிறாள். பாசத்தில்தான் செய்கிறாள். அதுதான் எனக்குப் பயம்.

அங்கேயே பெற்றுக்கொள், மகளே. பிள்ளை பல் தெரியச் சிரிக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு. அப்பன் உயிரோடு இருந்தால் பார்ப்பேன், இல்லாவிட்டால் குழிக்குள் வையுங்கள். என் ஆசீர்வாதம் எல்லாம் அந்தப் பிள்ளைக்கு.

கிணற்றில் முதல் வாளி இறைத்த அன்று ஆளுக்கொரு மிடறு குடித்தோமே, அவர்களில் என்னைத் தவிர இன்று மிச்சம் இருப்பது உன் அத்தை ஆக்னஸ் ஒருத்திதான்.

கைநாட்டு வைக்கும் அப்பா,
சிலுவை