கழுவாத சோதனைக் குழாய்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போய்ப் பதினோரு நாளாகிறது. இனி எதைச் சொன்னாலும் உன்னால் சிரித்து மழுப்ப முடியாது.

இன்று காலை தீப்பெட்டி ஆபீசில் குச்சி முக்க மெழுகு உருக்கினார்கள். வரும் சரக்கைச் சரிபார்ப்பது என் வேலை. உறைந்த வெள்ளைக் கட்டியை நகத்தால் கீறி முகர்ந்தேன். நிறைவுற்ற ஹைட்ரோகார்பன். கார்பனின் கைகளெல்லாம் ஒற்றைப் பிணைப்பில் நிரம்பிவிட்டவை. புதிதாக எதையும் சேர்த்துக்கொள்ளாது.

நாகலாபுரத்தில் உன் வீட்டு ஆடுகளுக்கு மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் என்று பெயர் வைத்துத்தான் நாம் இதையெல்லாம் மனப்பாடம் செய்தோம். பியூட்டேன் மட்டும் எப்போதும் வேலி தாண்டும்.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வு. ஆய்வகக் குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரமாகியிருந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாளி. உனக்கு வந்த திரவம் நிறைவுறாதது. புரோமின் நீரை விட்டதும் அதன் இரட்டைப் பிணைப்பு புரோமினை வாங்கிக்கொண்டது. செம்பழுப்பு நிறம் மறைந்தது. என் சோதனைக் குழாய் விரிசல் விட்டிருந்தது. உன்னுடையதைக் கேட்டேன்.

"கழுவிட்டியாலே?"

"கழுவாம குடுப்பனா? பிடிலே, நேரமாவுது."

என் திரவத்திலும் நிறம் மறைந்தது. நிறைவுறாதது என்று எழுதினேன். தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ செஞ்சு பாக்குதீரா?" என்றார். வாளியில் அடிமண்தான் இருந்தது. உன் வார்த்தையும் இருந்தது. "வேண்டாம் சார்" என்றேன்.

எனக்கு வந்தது நிறைவுற்றது என்று பிறகு தெரிந்தது. என் புரோமினைக் குடித்தது உன் குழாயில் ஒட்டியிருந்த மிச்சம்தான் என்று நானே ஊகித்துக்கொண்டேன். அந்த மதிப்பெண்ணால் எனக்கு மேல்படிப்பு போயிற்று. உனக்கு இடம் கிடைத்தது. உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதினெட்டு வருடம் பேசவும் இல்லை. ஒருமுறை பேருந்தில் பக்கத்தில் வந்து நின்று, "ஏலே, இன்னுமா?" என்றாய். கயத்தாறு வரைக்கும் ஜன்னல் வழியே கரிசலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்தபோது உன் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்கதான் அந்த டியூப் அண்ணாச்சியா? அவிய சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. வாளியில தண்ணி இல்ல, கைக்குட்டைய விட்டுத் தொடச்சிக் குடுத்தேன், கிறுக்குப்பய நம்பிட்டாம்னு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. அவள் தந்த தண்ணீர் டம்ளரின் உட்புறத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "எட்டு நாளைக்கு ஒருக்கா வார தண்ணி. கழுவுன டம்ளர ரெண்டு தடவ அலசுதியளே, என்ன சீக்கு ஒங்களுக்கு?" என்று என் மனைவி கேட்பாள். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பழக்கம்தான்.

உறையின் மேல் உன் பெயரையே எழுதியிருக்கிறேன். அவள் பிரித்துப் படிக்கட்டும். அது சிரிக்கிற கதை இல்லை என்று அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும். கடிதத்தின் அடியில் என் பெயர் போட்டால், மன்னித்துவிட்டுத்தான் எழுதினேன் என்று எடுத்துக்கொள்வாள். மன்னிக்கவில்லை.

நம் ரெக்கார்டு நோட்டில் வாத்தியார் கையெழுத்து விழாத சோதனை முடிந்ததாகச் சேராது. இதுவும் சேர வேண்டாம். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.