தோண்டாமல் நட்ட மரங்கள்

காஜா பெராங், மலாக்கா
4.8.1957

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். சித்தியும் நலம், என்னால்தான் நலமில்லை என்று அவர் தனியாக எழுதுவார், நம்ப வேண்டாம். காஜா பெராங் என்றால் மலாயில் கோபக்கார யானை. ஊர்ப் பெயரைச் சித்திதான் காப்பாற்றி வருகிறார்.

உங்கள் மண் அணைமேல் மெர்டேக்கா சுதந்திர நாள் நினைவாக ஏழு அங்சானா மரம் நடப்போகிறார்களா! மரம் பட்டால் வேர் மக்கும், அந்த ஓட்டையில் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும், பிறகு அணையே போகும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தீர்களே. விரல் உயரச் செடியையும் விடாத அணைக்காவலர், மகளுக்கு மட்டும் பூங்காவனம் என்று பெயர் வைத்தாரே! விழாக் குழுவிடம் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு, பிடுங்க முடியாத செடி,
பூங்காவனம்


அணை குவார்ட்டர்ஸ்
9.8.1957

அன்பு மகளுக்கு,

குழுத் தலைவர் தேவதாஸிடம் சொன்னேன். "நல்லையாண்ணே, மரம் பெரிசாக இருபது வருசம் ஆகும். அப்ப பாத்துக்கலாம்" என்கிறார். இன்ஜினியர் துரை லீவில் சீமைக்குப் போயிருக்கிறார். தடுத்தால் என் வேலை போகும். விட்டால், அணைக்குக் கீழே முப்பது வீடு. நட்டதைப் பிறகு பிடுங்கினாலும் குழி குழிதான். சோறு இறங்கவில்லை.

சித்தியின் செருப்பில் புளி வைத்தது யார்?

அப்பா,
நல்லையா


காஜா பெராங்
13.8.1957

அன்புள்ள அப்பாவுக்கு,

புளி விஷயம் விசாரணையில் இருக்கிறது.

நடுவதென்றால் தோண்டித்தான் ஆகவேண்டுமா? ஏழு மண்ணெண்ணெய் டின்னில் கன்றுகளை வைத்து அணைமேல் நிறுத்துங்கள். வெளியிலிருந்து கூடையில் மண் கொண்டுவந்து சுற்றிலும் மேடு கட்டுங்கள். மேலே புல்லைப் போர்த்துங்கள். விழாவுக்கு வருகிற பெரியவர் கன்றுக்கொரு வெட்டு மண் போடுவார், கைதட்டுவார்கள், கலைவார்கள். அப்புறம் டின்னோடு தூக்கிவிடலாம். இது பொய் இல்லை அப்பா, தோட்டக்கலை.

பூங்காவனம்


அணை குவார்ட்டர்ஸ்
21.9.1957

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். பெரியவரின் மண்வெட்டி டின்னில் பட்டு 'டங்' என்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கெட்டியான அணைங்க" என்றேன். கைதட்டினார்கள்! சாயங்காலம் ஏழு கன்றையும் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நட்டுவிட்டேன்.

ஆனால் மனசு உறுத்தியது. துரை திரும்பியதும் போய் ஒப்புக்கொண்டேன். "யாருடைய யோசனை?" என்று எழுந்து நின்றார். வேலைதான் போகிறது, உன் பெயராவது தப்பட்டும் என்று "என்னுடையது" என்றேன். துரை கை குலுக்கிவிட்டார்! அணையைக் காப்பாற்றினேனாம். அணைமேல் வைக்க இருந்த விழா நினைவுக் கல்லையும் கீழே மரங்களிடமே வைக்கச் சொல்லிவிட்டார். இனி எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வேன்?

அப்பா


காஜா பெராங்
24.9.1957

அப்பா,

இரண்டு நாள் கோபமாக இருப்பது என்று முடிவு செய்தேன். மத்தியானத்துக்குமேல் தாங்கவில்லை.

ஒன்றும் மாற்றிச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை பஸ் ஏறி வாருங்கள். துரை குலுக்கிய அதே கையைக் கொண்டுவாருங்கள். என் பங்கை நானே குலுக்கிக்கொள்கிறேன்.

பூங்காவனம்