குமரேசனின் தவளைக் குளம்

மே 27. படுத்தும் தூக்கம் வரவில்லை.

கடக்வாஸ்லா பக்கம் எங்கள் கல்லூரிக்கு இருக்கும் பாறை மேட்டில், தவளைகளுக்கென்று குமரேசன் குளம் வெட்டிவிட்டான். விலங்கியல் துறைக்காரன். நம்ம ஊர்க்காரன் என்று அவனுக்கு வேலைக்குப் பேசியவனே நான்தான். பாறைமேல் இருந்த கொஞ்ச மண்ணையும் ஜேசிபி வழித்துவிட்டது. என் வெள்ளைப் பூச்செடி கோடை முழுவதும் அந்த மண்ணில்தான் கிழங்காகக் கிடக்கும்.

கேட்டதற்கு ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் சிரித்தான்.

“என்ன சார், தவளை கத்துனா பேப்பர்ல வரும். உங்க பூ கத்துமா?”

முதல்வர் அதை இந்தியில் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவரும் சிரித்தார்.

முட்டாள். அவன் தவளையும் என் செடியைப் போலத்தான். மழை வரும்வரை அதே மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். இதைத் தாவரவியல்காரனா அவனுக்குச் சொல்லித்தர வேண்டும்?

சாயங்காலம் போய், வழித்துக் கொட்டிய மண்ணைக் கிளறிப் பார்த்தேன். நசுங்கிய கிழங்குகள். அவற்றோடு கிழிந்து கிடந்த தவளைகள்.

அவனிடம் சொல்லவில்லை. முதல் மழைக்குத் திறப்பு விழாவாம், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களாம். வரட்டும். குளம் நிறையட்டும். எல்லாரும் கரையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கட்டும். எது கத்துகிறது என்று நானும் பார்க்கிறேன்.