பந்தயம் போகாத பக்கம் ஒரு ரிப்பன்

குன்னூர்,
8.2.2001

அன்புள்ள அப்பாவுக்கு, வேலுமணி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? கடையில் தரையில் உட்கார்ந்து சைக்கிள் வீல் பெண்டு எடுக்காதீர்கள், ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி வாரம் மூன்று நாள்தான் ஓடுகிறது. கிளார்க்குக்கு வேலை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை எழுபது கிலோமீட்டர் மலை சைக்கிள் பந்தயத்தில் ஓட்டினேன். பயப்படாதீர்கள், விழவில்லை. நீங்கள் பின்சக்கரத்தில் மாட்டிக்கொடுத்த பெரிய ஃப்ரீவீலால் செங்குத்து ஏற்றத்திலும் லேசாக மிதிக்க முடிந்தது.

வழி தெரிய, திருப்பத்துக்குத் திருப்பம் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். எங்கள் எஸ்டேட்டுக்குள் வந்ததும் ஒன்றையும் காணோம். முன்னால் போன கோயமுத்தூர்க்காரர் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிள் போதாதென்று ரிப்பனையும் அவிழ்த்துக்கொண்டே போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் கருப்பம்மா மடி நிறைய ரிப்பனோடு நிற்கிறார்.

“கிளார்க் ஐயா, நீங்களுமா ரிப்பன் கட்டித் தோட்டத்த அளக்க வந்துட்டீங்க? விக்கப் போறாங்கன்னு எங்களுக்குத் தெரியும்” என்றார்.

“பந்தயம்” என்றேன். ஹேண்டில்பாரில் தூரம் காட்டும் மீட்டரைத் தொட்டு, “அப்ப இது என்னா?” என்றார். கடைசி வரை நம்பவில்லை. சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். பதினேழாவது இடம்.

இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. இரண்டு ஜோடி வேண்டும். பார்சல் வேண்டாம், நீங்களே கொண்டுவந்தால் பிரேக்கையும் பார்த்துவிடலாம். இங்கே இரண்டு கட்டில் இருக்கிறது.

இன்று காலை என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் புதிதாக ஒரு சிவப்பு ரிப்பன். மேனேஜரைக் கேட்டால், “பந்தயக்காரங்க கட்டினதா இருக்கும், விடுப்பா” என்கிறார். பந்தயம் அந்தப் பக்கமே போகவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அந்த ரிப்பனை நானும் அவிழ்த்துவிட்டேன். இந்தக் கவரில்தான் இருக்கிறது. யாரிடமும் காட்டாமல் வைத்திருங்கள்.

உங்கள் மகன்
வேலுமணி