வலிக்காத விரல்

தம்பி ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு,

அண்ணி அம்சம் எழுதிக்கொள்வது. ஷார்ஜாவில் நீங்களும் உங்கள் அறைக்காரர்களும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் அம்மா ரஹ்மத் பீவி நன்றாக இருக்கிறார்கள். நேற்றுகூடப் புதினாத் துவையல் கொடுத்தனுப்பினார்கள். நானும் நலம். உங்கள் அண்ணனைப் பற்றித்தான் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் பெயர் போனில் வந்தாலே, மெட்டு வந்துவிட்டதா என்று அவர் பிடுங்கிக்கொள்கிறார். உங்கள் அம்மாவின் போனிலிருந்து பேசலாமென்றால், பாதியில் அழுதுவிடுவேன், அவர்கள் பயந்துபோவார்கள். அதனால் நாளைக்கு ஷார்ஜாவுக்குக் கிளம்பும் உபைதுல்லாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மேட்டூரைத் திறந்தும் நம் கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. உங்கள் அண்ணன் ஆள் திரட்டிப் பாதி தூரம் வெட்டிவிட்டார். மீதிக்கு ஊரைக் கூட்டத்தான் ஆடிப்பெருக்கன்று நாடகம். உங்கள் மெட்டு, அவர் வரி, பூவிழி டீச்சர் குரல். ஒத்திகையைப் பார்த்து நானே அழுதேன். நாடகத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, தம்பி.

வாய்க்காலில் இறங்கியபோது பாட்டில் சில்லு அவர் வலது கால் பெருவிரலில் ஏறிவிட்டது. சர்க்கரைக்காரர் அல்லவா? கரையேறிய பிறகு ரத்தத்தைப் பார்த்து நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும். துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நேரே கூட்டத்துக்குப் போனார். அது ஆனி பிறந்த சமயம். இன்றுவரை கட்டின் மேல் கட்டாகப் போட்டுக்கொண்டு திரிகிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், வலிக்கவே இல்லை, ஆறிவிட்டது என்கிறார். அந்த வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பாயில் அவர் கால் பக்கம் மட்டும் எறும்பு ஏறுகிறது. சாயங்காலமானால் சாம்பிராணி போடச் சொல்கிறார். கொசுவுக்காம். கொசுவுக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று கேட்டேன். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, நீ சுண்ணாம்பு அடி என்று சிரிக்கிறார். சிரிக்கத் தெரிந்த மனிதரிடம் சண்டை போடவும் முடியவில்லை.

ஊர்க்காரர்கள் அன்பைச் சொல்லி முடியாது. அவர் நொண்டுவதைப் பார்த்து ஒருவர் நாற்காலி போடுகிறார், ஒருவர் பைக்கில் ஏற்றிக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறார். அந்தப் பைக்கை ஒருவர்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பவில்லை. ஊர் கெட்டதில்லை. அவரிடம் உதவி கேட்டே பழகிவிட்டது.

நீங்கள் இங்கே இருந்தபோது ஒத்திகை நடுவில் கீபோர்டை மூடிவிட்டு, சோறு, மாத்திரை, அப்புறம்தான் பாட்டு என்பீர்கள். உங்களுக்குப் பயந்தாவது சாப்பிட்டார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் சாய்ந்து எழுந்த பிறகுதான் நல்ல வரிகளே வந்தன. கூட இருந்த உங்களுக்குத் தெரியாததா? இப்போது டீயும் பீடியும்தான். மாத்திரை போட்டால் மந்தமாக இருக்கிறதாம். எழுதியதை எல்லாம் கிழிக்கிறார், பூவிழி மேல் எரிந்து விழுகிறார். அந்தப் பெண் இரண்டு நாளாக ஒத்திகைக்கு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது கட்டை அவிழ்த்தேன். துணி ஒட்டியிருந்தது, இழுத்துத்தான் எடுத்தேன். அவர் அசையவில்லை. விரலைப் படம் எடுத்து, பழையபடி கட்டிவிட்டு, மறுநாள் பேராவூரணி போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். நுனிவரைக்கும் ரத்தம் போகவில்லை என்றார். கடைமடைக்குத் தண்ணீர் வராத மாதிரியா என்று கேட்டேன். அதேதான் என்றார். இந்த வாரத்துக்குள் கூட்டி வரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெரலோட போச்சுன்னா நல்லதுன்னு நெனச்சுக்குங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "ஜாஃபரு கடைசிப் பாட்டுக்கு மெட்ட அனுப்பிரட்டும். எழுதிக் குடுத்துட்டு மறுநாளே வர்றேன்" என்கிறார். இப்படித்தான் போன பாட்டுக்கும் சொன்னார்.

அதனால் கேட்கிறேன். அந்த மெட்டை அனுப்பாதீர்கள். முதலில் காலைக் காட்டுங்கள், அப்புறம்தான் மெட்டு என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். நாடகம் நின்றால் வாய்க்காலும் நிற்கும், எங்கள் மூன்று மா நிலமும் காயும். தெரிந்துதான் சொல்கிறேன். இன்னொரு போகம் விதைத்துக்கொள்ளலாம்.

நீங்களும் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் மெட்டுப் போடுவதாக உங்கள் அம்மா கவலைப்பட்டார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், தம்பி. ஆண்டவன் உங்களைக் குறையில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி
அம்சம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவர் வந்துவிட்டார். கடைத்தெருவிலிருந்து தார் ரோட்டில் உச்சி வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். இடது காலில் செருப்பு இருக்கிறது. வலது காலில் இல்லை. எங்கே என்று கேட்டேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "போட்டுக்கிட்டுத்தானே வந்தேன்" என்கிறார். மெட்டை அனுப்பாதீர்கள், தம்பி.