குற்றாலம் ரோட்டில் பச்சைக் கோடு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. யூனிஃபார்மை ஃபேனுக்கு அடியில் விரித்து, பாதி ஈரத்தோடு தர்ஷினியை அனுப்பினேன். (இனிமேல் த. தான். ஒவ்வொரு தடவையும் முழுப் பேர் எழுத நேரமில்லை.) ஷேர் ஆட்டோவில் உள்ளே ஒன்பது பேர். பத்தாவது என் மகள், ஒரு காலும் புத்தகப்பையும் வெளியே. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, குற்றாலத்திலிருந்து தென்காசி ஸ்கூலுக்கு தினமும் இப்படித்தான்.

ஆபீஸ் போகிற வழியில் பார்த்தால், ரோட்டோரம் பச்சை! எங்கள் முக்கிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் இடது பக்கம் பட்டையாகப் பச்சை பெயின்ட், அதற்கு ஒரு வெள்ளைக் கரை. சைக்கிளுக்குத் தனிப் பாதையாம். பெயின்ட் அடிக்கிற ஆளிடம் கேட்டேன். “ஆமாக்கா, ஃபாரின்ல எல்லாம் இப்பிடித்தானாம்” என்றான். ஸ்கூட்டரை நிறுத்தி உடனே அளந்தேன். நில அளவர் பையில் சீப்பு இல்லாமல் போகலாம், டேப் இல்லாமல் போகாது. அகலம் ஒரு மீட்டர் இருபது. பரவாயில்லையே!

போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ராணுவத்தில், வடக்கே எங்கேயோ மலையில் இருக்கிறார். த. சைக்கிள் கேட்டு இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக அவர் பதில் “வேண்டாம்”, அவ்வளவுதான். மதியம் போன் வந்தது.

“ஏட்டி, நெசமாவே சைக்கிளுக்குன்னு தனி லைனா?”

“ஆமா. பச்சையா அடிச்சிருக்கான்.”

“அப்பம் போவட்டும். லைன் போட்டாச்சுன்னா எவனும் உள்ள வரமாட்டான்.”

ஒரே ஒரு போட்டோ! சாயங்காலம் த.விடம் சொன்னேன். அவள் குதித்த குதியில் கீழ் வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று மாடி ஏறி வந்துவிட்டாள். நானும்தான் குதித்தேன், நாற்பத்தொரு வயசில்.

தோசை சுடும்போதுதான் அவர் சொன்னது மனசில் திரும்ப ஓடியது. எவனும் உள்ள வரமாட்டான். பதினாறு வருஷமாக வயல் வரப்பு அளக்கிறேன். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்து ஒதுங்கிப் போன ஒரு ஆளை இதுவரை பார்த்ததில்லை. சரி, முதலில் சைக்கிள் வாங்குவோம்.

ஜூன் 10, செவ்வாய்

மைதீன் பாய் கடை. பழைய லேடீஸ் சைக்கிள், நீலம், நல்ல சைக்கிள். போட வேண்டியவை:
பின் டயர்
பிரேக் கட்டை, இரண்டு பக்கமும்
மணி (த. கேட்பது “சத்தமா” ஒன்று)
பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர்
செயின் கவர், இல்லாவிட்டால் பேன்ட் போச்சு

பாய் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, “சைக்கிள் நல்லாத்தான் இருக்கும்மா. ரோடுதான் எப்பிடின்னு தெரியலை” என்றார். பச்சை லைன் இருக்கிறதே என்றேன். சிரித்தார். “வேன்காரன் பேசுறதக் கேட்டியளா?”

பக்கத்து டீக்கடையில் வேன் டிரைவர்கள் நாலு பேர், ஒரே சிரிப்பு. விஷயம் இதுதான். பெயின்ட்காரர்கள் பச்சை மேல் ‘மிதிவண்டிப் பாதை’ என்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். எதிரே வருகிறவன் கண்ணில் முதல் சொல் முதலில் படவேண்டும் என்று வார்த்தையை உடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக எழுதுவது வழக்கமாம். முதல் துண்டு முடிந்ததும் சாரல் பிடித்துவிட்டது. சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரோட்டில் இப்போது இருப்பது ஆளுயர எழுத்தில் ஒரே சொல்:

மிதி

“கெவர்மென்ட்டே மிதின்னு எழுதிப் போட்டிருக்கு. மிதிக்காம என்னலே செய்ய?” ஒருத்தன் ஆக்ஸிலேட்டரை அழுத்துகிற மாதிரி காலை ஆட்டிக் காட்டினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீ புரை ஏறி, பாய் என் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. ஸ்கூட்டரில் ஏறினபிறகு சிரிப்பு நின்றது.

முடிவு: நாளை லீவு. அளந்து பார்த்துவிடுவது.

ஜூன் 11, புதன்

வெயில் தலைகாட்டியது. நல்ல சகுனம். ஸ்கூலில் ஏதோ மீட்டிங், த.வுக்கும் மத்தியானம் வரை லீவு. (நம்பினேன். பிறகு விசாரிக்க வேண்டும்.)

ஏற்பாடு: வெள்ளைக் கரையிலிருந்து ரோட்டின் நடுப்பக்கமாக, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு சுண்ணாம்புக் கீற்று. பச்சை உள்ள இடத்தில் ஒரு செட். பங்க் தாண்டி பெயின்ட் இல்லாத இடத்தில், அதே கணக்கு ரோட்டின் ஓரத்திலிருந்து, இன்னொரு செட். த. மதில்மேல் உட்கார்ந்து போனில் வீடியோ. நான் சைக்கிளில் போவேன், வேன் என்னைத் தாண்டும்போது அதன் டயர் எந்தக் கீற்றில் என்று அவள் கத்துவாள்.

சைக்கிள் மிதித்துப் பதினேழு வருஷம்! கல்யாணத்துக்கு முன்னால் இலத்தூரில் மிதித்தது. முதல் பத்தடி கோணல் மாணல். அப்புறம் காற்று! மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று, துப்பட்டா பறக்க, யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டு கூட. இதைத்தான் இந்தப் பிள்ளை இரண்டு வருஷமாகக் கேட்டிருக்கிறாள்.

பச்சையில் இருபது தடவை. பங்க் தாண்டி இருபது தடவை. மூச்சு வாங்க மதிலில் சாய்ந்து நோட்டைப் பார்த்தால், நம்ப முடியவில்லை. வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டோம். பெயின்ட் இல்லாத இடத்தில் அநேகமாக எல்லா வேனும் என்னைவிட்டு நன்றாக விலகி, நடுக்கோட்டை மிதித்துக்கூடப் போகிறது. பச்சை உள்ள இடத்தில் ஒருத்தனும் விலகவில்லை. வெள்ளைக் கரையை ஒட்டியே நேராகப் போகிறான். ஒரு கண்ணாடி என் முழங்கையை உரசாத குறை.

எனக்கு விளங்கிவிட்டது! கோடு இல்லாத இடத்தில் டிரைவர் என்னைப் பார்க்கிறான், ஐயோ பொம்பளை ஆடி ஆடிப் போறாளே என்று ஒதுங்குகிறான். கோடு உள்ள இடத்தில் அவன் கோட்டைப் பார்க்கிறான். அவன் பங்கு அவனுக்கு, என் பங்கு எனக்கு, அதோடு அவன் வேலை முடிந்தது. “கண்டுபிடிச்சிட்டோம்டி!” என்று நடுரோட்டில் த.வைக் கட்டிக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை. “அப்பாட்ட சொல்லுவியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சரி சொன்னது இந்தப் பச்சையை நம்பி. பச்சை ஒன்றுக்கும் ஆகாது என்று இப்போது எழுதி வைத்திருப்பது நான்.

“நீ எதுக்கும்மா அளந்த? அளக்காம விட்டிருந்தா நான் போயிருப்பேன்லா.”

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் ஒரே ஒரு தடவை த. ஓட்டட்டும், நான் பின்னால் ஸ்கூட்டரில். கெஞ்சல் தாங்கவில்லை.

சீசன் கூட்டம். பச்சைமேல் வரிசையாக டூரிஸ்ட் வேன்கள், எண்ணெய் தேய்த்து நிற்கிற ஆட்கள், ஒரு மங்குஸ்தான் கடை. கடைக்காரம்மாவிடம் இது சைக்கிள் பாதை என்றேன். “அப்பிடியா? எல்லாக் கடையும் இந்தக் கோட்டுக்குள்ளதான் போடணும்னுல்லா நான் நெனச்சேன். சுத்தமா இருக்கேன்னு போட்டேன்” என்றாள். பாவம், இரண்டு பழம் வேறு கொடுத்தாள்.

வேனைச் சுற்றிப் போக த. வெளியே வரவேண்டியிருந்தது. பின்னால் ஹாரன். பயந்து சட்டென்று உள்ளே திருப்பினாள். சாரலில் நனைந்த பச்சை பெயின்ட், பாசி பிடித்த படித்துறை மாதிரி. சைக்கிள் வழுக்கி, அவள் சாக்கடை ஓரம். முழங்கால் சிராய்ப்பு, உள்ளங்கையில் மணல். வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை. இரண்டு தடவை எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஹாரன் அடித்த வேனின் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். கேரளா வண்டி. “சேச்சி, ஞான் கண்டில்லா” என்று கும்பிட்டார். அவர்மேல் கோபம் வரவில்லை. த. எழுந்து மணியை அடித்துப் பார்த்தாள், அடிக்கிறதா என்று. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

ஜூன் 13, வெள்ளி

அவருக்குச் சொல்லிவிட்டேன். வீடியோ, நோட்டுப் பக்கம், முழங்கால் போட்டோ, எல்லாம் அனுப்பினேன். த. அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாம் பார்த்துவிட்டுப் போன் போட்டார்:

“நீயே அளந்தியா?”

“ஆமா.”

“அப்பம் சரியாத்தான் இருக்கும். நான் இங்கன இருந்துக்கிட்டு போட்டோவப் பாத்து என்னத்தச் சொல்ல. போலாமா வேண்டாமான்னு நீ சொல்லு. இனிமே எங்கிட்ட கேக்காத.”

போனை வைத்தபிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷமாக அவர் வேண்டாம் சொன்னபோதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. பயம் என்னுடையது, பழி அவருடையது. இன்றைக்கு இரண்டும் என்னிடம் வந்துவிட்டது.

கதவைத் தட்டி த.விடம் சொன்னேன்: “கொஞ்சம் பொறு. கல்லு நடுவோம்.”

“என்ன கல்லு?”

“நிலத்துல எதுக்குடி கல்லு நடுதோம்? அதுக்குத்தான்.”

ஜூன் 16, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் மனு நாள். டோக்கன் வாங்கி, இடித்துப் பிடித்து. மனுவோடு ரோட்டுக்கு ஒரு வரைபடமும் போட்டிருந்தேன், வயலுக்குப் போடுகிற புலப்படம் மாதிரி, அளவோடு. ஞாயிறு முழுக்க அதுதான் வேலை. அழகாக வந்திருந்தது, நானே சொல்கிறேன்.

ரோடு வேலை பார்க்கிற எஞ்சினியரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுக்காரர்.

“கோடு போட்டாச்சே மேடம்.”

“சார், உங்க சொந்த ஊர் எது?”

“கீழப்பாவூர்.”

“அங்க உங்க வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவுல பெயின்ட் அடிச்சு விட்டிருவீங்களா?”

என் வாய் எனக்கே சில சமயம் பிடிக்கும். அவர் சிரித்துவிட்டார். வீடியோவை மூன்று தடவை பார்த்தார். சுண்ணாம்புக் கீற்றைக் காட்டி, “இது யார் ஐடியா?” என்று கேட்டார். சொன்னேன். பாலத்து வேலையில் மிஞ்சின கான்கிரீட் கட்டைகள் கிடக்கிறதாம், முழங்கால் உயரம். எங்கள் முக்கிலிருந்து பங்க் வரை வைத்துப் பார்க்கலாம், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். பச்சைமேல் மணல் கலந்து அடித்தால் வழுக்காதாம், அதையும் பார்க்கிறேன் என்றார். ‘மிதி’ பற்றிச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பங்க் தாண்டியும் வேண்டும் என்றேன். “பைய பைய மேடம்.”

ஜூன் 24, செவ்வாய்

வைத்துவிட்டார்கள்!!! மஞ்சள் கறுப்பு அடித்த கட்டைகள், மூன்று மூன்று மீட்டருக்கு ஒன்று. பச்சையும் சொரசொரப்பாக, செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தேன். வேன் உள்ளே நுழைய வழியில்லை. மங்குஸ்தான் அம்மா கடையை மதில் பக்கம் மாற்றிவிட்டாள், முறைத்தாள், இன்றைக்குப் பழம் கிடையாது.

சாயங்காலம் மறுபடி சுண்ணாம்பு, மறுபடி இருபது தடவை. வேன்கள் கட்டையை விட்டு விலகுகின்றன. என்மேல் அக்கறையில் இல்லை, அவன் வண்டி பெயின்ட் மேல் அக்கறையில். எதுவாக இருந்தால் என்ன.

பங்க் தாண்டி ஸ்கூல் வரை கட்டையும் இல்லை, கோடும் இல்லை. அங்கே பிள்ளை தன் கண்ணைத்தான் நம்ப வேண்டும். அதையும் த.விடம் சொன்னேன்.

நாளை போகலாம் என்றேன். சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

ஜூன் 25, புதன்

சாரல் இல்லை. த. 8.05க்குக் கிளம்பினாள். பின்னால் போகவில்லை. ஸ்கூட்டர் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன், என்னை நம்பாமல்.

8.34. ஸ்கூல் ஆபீஸ் நம்பரிலிருந்து போன். “அம்மா, வந்துட்டேன்! சூப்பரா இருந்துச்சு! ஏம்மா, பேக்கரிகிட்ட ஒரு கட்டை நவுந்து உள்ள தள்ளிக் கெடக்கு, பாத்துக்கோ. மிஸ் வாராங்க, வைக்கேன்.”

டப்பாவைக் கவிழ்த்துச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நேற்று சாயங்காலம் நேராகத்தான் இருந்தது. இப்போது பச்சைக்குள் ஒன்றரைச் சாண் தள்ளியிருக்கிறது. ஒரு மூலை உடைந்து, கட்டையின் பக்கவாட்டில் கறுப்பாக டயர் தேய்ந்த தடம், என் முழங்கால் உயரத்துக்கு. தொட்டுப் பார்த்தேன், விரலில் ரப்பர் ஒட்டியது.

அங்கேயே அந்தக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். எஞ்சினியருக்குப் போன் போட்டு, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல், இன்னொரு கட்டை வேணும் சார் என்றேன்.